ஆறுதல் விதி

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாள், எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவரைக் குறை சொல்ல முடியாது. சமையலறை மேடையில் ஒரு டம்ளர் காபி. அதன் மேல் மூடியாகக் கவிழ்த்த டபரா. பக்கத்தில் அலாரம் கடிகாரம், ஒரு நோட்டு, ஓர் அடி நீளத்துக்குக் கண்ணாடித் தெர்மாமீட்டர். எதிரே ஸ்டூல் போட்டுக்கொண்டு, பனியனும் வேட்டியுமாக, ஐம்பத்து நான்கு வயது ஆள் ஒருவர், பரீட்சை எழுதுகிற முகத்தோடு.

"இன்னா சார் இது?"

"காபி."

"அது தெரீது. குடிக்கிறதும் இல்ல, கொட்டறதும் இல்ல. நான் வந்து எம்மா நேரம் ஆவுது, அது பாட்டுக்கு ஆறிக்கினு கீது."

"அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"இன்னாத்த?"

"அது ஆறிக்கினு கீறதை."

அவர் சிரிக்கவில்லை. "அம்மா இருந்தா பாலை இப்டி வேஸ்ட் பண்ண வுடுவாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குழாயைத் திறந்தார். அன்றைக்கு அந்த அம்மா போய் ஐம்பத்திரண்டாவது நாள்.

அந்த அம்மா என் மனைவி. பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது என் தொழில். தொழில் என்று நான் சொல்வேன். வருமான வரிப் படிவத்தை நிரப்பும்போது அவள் 'இதர' என்று எழுதுவாள். அவள் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தவள், மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில், இருபத்தேழு வருஷம். எங்களுக்குக் குழந்தைகள் கிடையாது. அவளுக்கு மட்டும் வருஷத்துக்கு நாற்பது பேர் இருந்தார்கள்.

சூடான பொருள் எப்படிக் குளிர்கிறது என்பதற்கு ஒரு விதி உண்டு. ஆப்பிள் விழுந்ததைப் பார்த்து யோசித்தாரே, அதே ஆள் கண்டுபிடித்தது. பொருளுக்கும் அறைக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் எவ்வளவோ அந்த அளவுக்கு வேகமாகக் குளிரும். முதலில் மளமளவென்று இறங்கும். அறையின் சூட்டை நெருங்க நெருங்க இறக்கம் மந்தமாகும். கணக்குப்படி பார்த்தால் அறையின் சூட்டை அது ஒருபோதும் தொடவே தொடாது. பாடப் புத்தகத்தில் இதற்குக் குளிர்ச்சி விதி என்று பெயர். என் மனைவி அந்தப் பெயரை ஏற்கவில்லை.

"மெட்ராஸ்ல எதுடா குளிருது?" என்று வகுப்பில் கேட்பாளாம். "இங்க எதுவும் குளிராது. ஆறும். அவ்வளவுதான். அதனால இது ஆறுதல் விதி."

ஒரு வருஷம் ஒரு பெண் பொதுத் தேர்விலேயே 'ஆறுதல் விதிப்படி' என்று தொடங்கி நாலு பக்கம் எழுதிவிட்டு வந்து, வாசலில் நின்று பெருமையாகச் சொன்னாள். விடைத்தாள் எந்த ஊருக்குப் போகுமோ, திருத்துகிறவர் என்ன நினைப்பாரோ என்று என் மனைவிக்கு முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. முழு மதிப்பெண் வந்தது. திருத்தியவர் வீட்டில் அண்மையில் ஏதாவது துக்கம் நடந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். "மூணு," என்றாள்.

மூன்று என்பது பத்துக்கு. நான் சொல்கிற சிலேடைகளுக்கெல்லாம் அவள் மதிப்பெண் போடுவாள். கல்யாணமான புதிதில் ஒரு முறை ஆறு வாங்கியிருக்கிறேன். சலுகை மதிப்பெண்ணாக இருக்கும். பிறகு நிரந்தரமாக மூன்று. குளிக்கும்போதும் போடுவாள், போனில் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கும்போது விரலைக் காட்டியும் போடுவாள். பாதித் தூக்கத்தில், கண்ணைத் திறக்காமல், போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும். "மூணு."

காபி விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. காலைக் காபி என் பொறுப்பு. விழித்திருப்பவருக்கு டபரா டம்ளருக்குக் கீழே. விழிக்காதவருக்கு டபரா டம்ளருக்கு மேலே, மூடியாக. டபரா இருக்கிற இடத்தைப் பார்த்தே ஆள் எழுந்தாயிற்றா இல்லையா என்று சொல்லிவிடலாம். எனக்குக் காபி நாக்கைப் பொசுக்க வேண்டும். அவளுக்கு ஆற வேண்டும். கண்ணை மூடியபடியே கையை நீட்டி மூடியை எடுத்து வைத்துவிட்டு, மறுபடி படுத்து, காபி தன் வழிக்கு வரட்டும் என்று காத்திருப்பாள்.

அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் கொண்டுபோய் வைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில், டபராவைக் கவிழ்த்து மூடி. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் பார்த்த முகத்தை ஒரு நாள் பார்க்காவிட்டால் என்ன? ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"எழுந்திரு," என்றேன். "காபி ஆறினா ஆறினதுதான். அப்புறம் ஆறுதல் சொல்ல ஊரே வந்தாலும் சூடாகாது."

சொன்னவுடன் எனக்கே பிடித்துப்போனது. அந்த வாரக் கட்டுரைக்கு முடிவு கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். மறந்துவிடப் போகிறதே என்று மதிப்பெண்ணுக்குக்கூட நிற்காமல் ஹாலுக்கு ஓடிவந்து கைபேசியில் குறித்தேன். பிறகு கணினியைத் திறந்து அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'அப்புறம்' நல்லதா, 'பிறகு' நல்லதா? 'ஊரே வந்தாலும்' என்பதா, 'தெருவே வந்தாலும்' என்பதா? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நான் நேரம் பார்ப்பதில்லை. மந்தைவெளி ஸ்டேஷனுக்குள் ரயில் வந்து நின்று போகிற சத்தம் ஒன்றிரண்டு தடவை கேட்டது. கடைசியில் 'அப்புறம்' ஜெயித்தது.

காலி டம்ளரை எடுக்கப் போனேன். காபி அப்படியே இருந்தது. ஆடை படிந்திருந்தது. ஆடை அவளுக்கு ஆகாது; வழக்கம்போல் அதை விரலால் ஒதுக்கி எடுத்தேன். விரலுக்குக் காபி வெதுவெதுவென்று பட்டது. "ஆறிப்போச்சு பார். சொன்னேன்ல," என்றேன். பதில் வராததால்தான் முகத்தைப் பார்த்தேன்.

கீழ் வீட்டில் ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவரை நான் கூப்பிட்ட நேரம் கைபேசியில் இருக்கிறது: ஏழு மணி நாலு நிமிடம். அவர் லுங்கியோடு மேலே வந்தார், பார்த்தார், என் தோளைத் தொட்டார். "ஹார்ட். விடிகாலையிலேயே, தூக்கத்துலயே போயிருப்பாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

அந்த வாக்கியத்தைத்தான் அன்றைக்கு முழுக்க வந்தவர்கள் எல்லாரும் எனக்குத் திருப்பித் தந்தார்கள். தூக்கத்துலயே. கொடுத்து வெச்சவங்க. தெரியவே தெரியாது. ஊரேதான் வந்தது, 'தெருவே' என்று மாற்றியிருந்தால் தப்பாகப் போயிருக்கும். அதற்குள் யாரோ நல்ல மனசுக்காரர்கள் முக்காலியைத் துடைத்து, டம்ளரையும் டபராவையும் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நான் அதைச் சொன்னபோது அவள் இருந்தாளா? இல்லையென்றால் இறந்துபோனவளிடம் சிலேடை சொன்னவன் என்ற பட்டத்தோடு முடிந்தது. தாங்கிக்கொள்ளலாம், இதைவிட மோசமான அரங்குகளில் நான் பேசியிருக்கிறேன். இருந்தாள் என்றால், அவள் போகும்போது நான் பதினைந்து அடி தூரத்தில் 'அப்புறம்' என்ற சொல்லோடு கொஞ்சிக்கொண்டிருந்தேன் என்று ஆகிறது.

காரியங்கள் எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு வங்கிக்குப் போனேன். தி. நகரில், அவள் சம்பளக் கணக்கு இருந்த கிளை. வாரிசுதாரர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, அவள் பேரில் ஒரு வைப்புத்தொகை இருப்பதை அங்கிருந்த அதிகாரி சொன்னார். சின்ன வயசுப் பெண். குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"கூட்டு வட்டி சார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வட்டி அசலோட சேர்ந்துடும். அப்புறம் அதுக்கும் சேர்த்து வட்டி."

"அவங்க போன தேதியோட நின்னுடுமா?"

"நிக்காது சார். முதிர்வுத் தேதி வரைக்கும் ஓடும்."

தி. நகரிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அதுவே மண்டைக்குள் ஓடியது. அவளுடையது என்று ஏதோ ஒன்று இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இந்தப் பழக்கம்தான் லேசில் ஆறாது போலிருக்கிறது.

அவள் சொல்லியிருக்கிறாள், வட்டியும் காபியும் ஒரே கணக்கு என்று. ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கையில் இருப்பது எவ்வளவோ அதைப் பொறுத்து மாறுவது எதுவானாலும் அதே கோடுதான். இரண்டிலும் ஒரு ஈ உட்கார்ந்திருக்கும். ஆங்கில எழுத்து ஈ. இரண்டு புள்ளி ஏழு ஒன்று எட்டு என்று முடிவில்லாமல் போகிற ஓர் எண். "காபியில ஈ விழுந்தா கொட்டிடலாம். கணக்குல விழுந்தா?" என்று கேட்டு நான் மூன்று வாங்கினேன். ஒரு ரூபாயை வருஷத்துக்கு நூறு சதவீத வட்டிக்கு விட்டு, வட்டிக்கு வட்டியை மாசா மாசம் போடாமல், நாளுக்கு நாள் போடாமல், நொடிக்கு நொடி போட்டால் என்ன ஆகும் என்று ஒரு நாள் அவளைக் கேட்டேன். பெரும் பணக்காரனாகிவிடலாம் என்பது என் எண்ணம். "எவ்வளவு பேராசைப்பட்டாலும் வருஷக் கடைசியில ரெண்டு ரூபா எழுபத்திரண்டு பைசாதான்," என்றாள். "அதான் ஈ."

வீட்டில் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். சண்டை போட்ட அன்றைக்கே சொன்னால் ஒரு சாரி போதும். மறுநாள் என்றால் வட்டியோடு. நான் எப்போதும் வட்டியோடு கட்டுகிற ஆள்.

வங்கிக்குப் போய்வந்த மறுநாள் அவள் அலமாரியிலிருந்து பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் காபி நான் வைத்த காபி. அது எவ்வளவு நேரம் ஆறியது என்று தெரிந்தால், நான் எவ்வளவு நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்றாவது தெரியும். ஐந்து நிமிடமா, ஒரு மணி நேரமா? இந்த ஒரு சாட்சிதான் பாக்கி.

ஆறுகிற பானத்தைப் பற்றிய கணக்குக்கு அடுத்த கணக்கு, பூட்டிய அறையில் கிடந்த ஓர் உடலைப் பற்றியது. உடலின் சூட்டை இரண்டு முறை அளந்து, உயிர் போன நேரத்தைக் காண்க. இருபத்தேழு வருஷம் அதை அவள் சாக்பீஸால் எழுதிப் போட்டிருக்கிறாள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் மருந்துக் கடையில் தெர்மாமீட்டர் வாங்கி வந்து காபியில் விட்டேன். அது காய்ச்சல் பார்க்கிற கருவி, நாற்பத்திரண்டு டிகிரிக்கு மேல் அதற்கு உலகம் இல்லை. டக்கென்று ஒரு சத்தத்தோடு விடைபெற்றது. கணக்கு டீச்சரின் கணவன் என்று வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது. பிறகு திருவல்லிக்கேணியில் பள்ளி ஆய்வகச் சாமான்கள் விற்கும் ஒரு கடையைத் தேடிப் பிடித்தேன்.

"எந்த ஸ்கூல் சார்?" என்றார் கடைக்காரர்.

"வீட்டு உபயோகத்துக்கு."

"வீட்ல நூறு டிகிரி வரைக்கும் என்னா சார் அளக்கப் போறீங்க?"

"காபி."

நல்ல வியாபாரி. மேற்கொண்டு கேட்காமல் பில் போட்டார்.

இரண்டு வாரம் தினமும் அதே டிகாஷன், அதே பால், அதே டம்ளர், அதே டபரா. டபராவைக் கவிழ்த்து மூடி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இம்மி தூக்கி அளப்பேன். அறை முப்பது டிகிரி. வைக்கும்போது காபி எண்பது. நடுவில் உள்ள ஐம்பது, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துகொண்டே வந்தது. ஐம்பது இருபத்தைந்தாகும், இருபத்தைந்து பன்னிரண்டரையாகும். அவள் கரும்பலகையில் வரைந்த கோடு என் சமையலறையில் அச்சு மாறாமல் இறங்கிக்கொண்டிருந்தது. இப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை மாட்டிக்கொண்டேன்.

விரலைத் தினமும் விட்டுப் பார்த்தேன். அன்றைய வெதுவெதுப்பை விரல் மறந்திருக்கவில்லை. அது நாற்பத்திரண்டு டிகிரி, ஒன்று கூட, ஒன்று குறைய. நாற்பத்திரண்டுக்கு இறங்க நாற்பத்தொரு நிமிடம். ஏழு நாலிலிருந்து பின்னால் போனால், ஆறு இருபத்து மூன்றுக்கு நான் காபியை வைத்திருக்கிறேன்.

சரிபார்க்க ஒரு வழி இருந்தது. அத்தனை நாளாகத் தவிர்த்து வந்தேன். கைபேசியில் அந்தக் குறிப்பைத் திறந்தேன். சொன்ன மறு நிமிடம் குறித்தது. 'காபி ஆறினா ஆறினதுதான்' என்று தொடங்குகிறது. மேலே நேரம் இருந்தது: ஆறு முப்பத்தெட்டு.

ஆறு முப்பத்தெட்டிலிருந்து ஏழு நாலு வரை இருபத்தாறு நிமிடம். என் கணக்கு சொன்னது நாற்பத்தொன்று. பதினைந்து நிமிடம் உதைத்தது.

நான் ஆச்சரியப்படவில்லை. பள்ளியில் கணக்கில் நான் எடுத்த மதிப்பெண்களுக்கு இந்த விடை நெருக்கமானது என்றே சொல்ல வேண்டும். தப்பைக் கண்டுபிடிக்க ஆள் தேவைப்பட்டது. என் மனைவியோடு வேலை பார்த்த இன்னொரு கணக்கு டீச்சர், சாந்தோம் பக்கம் இருக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் என்னை எட்டிப் பார்ப்பார். பத்து நிமிடம் உட்காருவார். ஆறுதலாக எதுவும் சொல்ல மாட்டார், அதுவே ஆறுதலாக இருக்கும். அந்த ஞாயிறு அவர் முன்னால் நோட்டை வைத்தேன்.

"இது என்னது சார்?"

"ஹோம் ஒர்க்."

கண்ணாடியை மாற்றிக்கொண்டு, கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். பணி ஓய்வு பெற்ற பிறகும் சிவப்புப் பேனாவோடு கோயிலுக்குப் போகிற பெண்மணி. எட்டுப் பக்கத்தையும் வரி வரியாகப் பார்த்தார். கடைசியில் பேனாவை மூடினார்.

"சரியா இருக்கு."

"இருக்காதே. நல்லாப் பாருங்க டீச்சர்."

"நல்லாத்தான் பார்த்தேன். ஒரு இடத்துல யூனிட் போடலை. அரை மார்க் போச்சு. மத்தபடி சரி."

"என் வாழ்க்கையிலயே கணக்கு சரியா வந்ததில்லை."

"இப்ப வந்திருக்கு. அதான் இடிக்குது." நோட்டைத் தட்டினார். "கணக்கு சரி, ஆனா விடை தப்புன்னா, கேள்வியை யாரோ தப்பா எழுதியிருக்காங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சு? ஒவ்வொரு ஸ்டெப்பா சொல்லுங்க. தாண்டிப் போகாதீங்க."

சொன்னேன். முக்காலி, மூடி, சிலேடை, ஹால், 'அப்புறம்'. சிலேடையைச் சொன்னபோது முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "திரும்ப வந்தேன், காபி அப்படியே இருந்துச்சு, ஆடையை விரலால ஒதுக்கினேன்..."

"நில்லுங்க. மூடியை எடுத்தீங்களா?"

"எப்ப?"

"ஆடையை ஒதுக்கறதுக்கு முன்னாடி. டபரா மேல இருந்துச்சுல்ல. எடுத்து எங்க வெச்சீங்க?"

யோசித்தேன். ஆடை நினைவில் இருந்தது, விரல் நினைவில் இருந்தது. டபராவைக் கையில் பிடித்த நினைவு இல்லை.

"எடுத்திருப்பேன் டீச்சர். இல்லாட்டி விரல் எப்படி உள்ள போகும்?"

அவர் நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். அதில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'மேலே ஆடை இல்லை. டபராவின் உட்பக்கம் வியர்த்திருக்கிறது.' அடுத்த நாளும் அதுதான். அதற்கு அடுத்த நாள் 'மேற்படி' என்று போட்டிருந்தேன்.

"ரெண்டு வாரமா ஒரு நாள்கூட ஆடை வரலை," என்றார் டீச்சர். "அன்னைக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாலைச் சுட வைத்தார். இரண்டு டம்ளரில் ஒரே அளவு காபி ஊற்றி, ஒன்றை டபராவால் மூடி, இன்னொன்றைத் திறந்து வைத்தார். அலாரத்தை இருபத்தாறு நிமிடத்துக்குத் திருப்பினார். இருபத்தாறு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு நாவல் எழுதலாம். ஒரு வாக்கியத்தைத் திருத்துவதற்கு மட்டும் அது போதாது போலிருக்கிறது.

அலாரம் அடித்தது. "கண்ணை மூடுங்க," என்றார். என் மணிக்கட்டைப் பிடித்து முதல் டம்ளருக்குள் விரலை விட்டார். சுட்டது. எடுத்துவிட்டேன். இரண்டாவதில் விட்டார்.

"இதுதான்," என்றேன்.

"உறுதியா?"

"இதுதான் டீச்சர்."

தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். மூடியது ஐம்பது. மூடாதது நாற்பத்தொன்று. மூடாத டம்ளரில் மெல்லிசாக ஆடை. என் விரல் நாற்பத்திரண்டு என்று சாட்சி சொன்னால், நான் அறையை விட்டு வெளியே வந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் டபரா டம்ளர் மேலிருந்து இறங்கியிருக்கிறது. வீட்டில் வேறு யாரும் கிடையாது. டபரா தானாக இறங்காது.

எங்கள் வழக்கப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆள் விழித்திருக்கிறார்.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "சார், இது விரல் சொல்ற சாட்சி. கோர்ட்ல நிக்காது. அன்னைக்கு ஃபேன் வேகமா ஓடியிருக்கலாம். பால் தண்ணியா இருந்திருக்கலாம்."

"ஆடை?"

அவர் தெர்மாமீட்டரைத் துடைத்து வைத்தார். "நான் நோட்டைத் தொட்டிருக்கக் கூடாது," என்றார்.

ஆக, அவள் இருந்திருக்கிறாள். கண்ணை மூடியபடியே நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். கையை நீட்டி மூடியை எடுத்திருக்கிறாள். காபி ஆறட்டும் என்று காத்திருக்கிறாள். காபி அவள் குடிக்கிற பதத்துக்கு வரப் பத்து, பன்னிரண்டு நிமிடமாவது ஆகும். டம்ளரில் ஒரு வாய்கூடக் குறையவில்லை. அந்தப் பத்து, பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நிமிடம். என்னைக் கூப்பிட்டாளா என்று எந்தச் சூத்திரத்தைக் கேட்பது? அவள் கூப்பிட்டாலும் முதல் தடவை எனக்குக் காது கேட்காது என்பது, எழுதிக்கொண்டிருக்கும்போது, எங்கள் வீட்டில் நிரூபிக்கப்பட்ட ஒன்று.

"டீச்சர், அவ மார்க் போட்டிருப்பாளா?"

"எதுக்கு?"

"அந்த ஜோக்குக்கு. நான் நிக்காம வந்துட்டேன். வந்த பிறகு சொல்லியிருப்பா."

அவர் யோசித்தார். என்னைத் தேற்றுவதற்காக யோசிக்கவில்லை. விடைத்தாளை எடை போடுகிற மாதிரிதான் யோசித்தார்.

"எப்பவும் எவ்வளவு போடுவாங்க?"

"மூணு."

"அப்ப மூணுதான். நானா இருந்தா ரெண்டு."

இருவரும் சிரித்தோம். முதலில் நிறுத்தியது நான். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆறிப்போன இரண்டு காபியையும் தொட்டியில் கொட்டினார். டம்ளர்களைத் தானே கழுவினார். கைக்குட்டை ஒன்றை மேடையில் எனக்காக வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயைத் தேவையில்லாமல் ரொம்ப நேரம் திறந்து வைத்திருந்தார்.

அந்தக் கட்டுரையை நான் அனுப்பவில்லை. அந்தக் குறிப்பு இன்னும் கைபேசியில் இருக்கிறது. அவளுக்கு ஒரு சாரி பாக்கி. இரவு படுக்கும்போது சொல்வேன், காலையில் அது கொஞ்சம் பெரிதாகியிருக்கும். இரண்டு ரூபாய் எழுபத்திரண்டு பைசாவில் நிற்கிற சாதி இல்லை இது.

அடுத்த ஞாயிறு டீச்சர் வந்திருந்தபோது என் சித்தப்பா வந்தார். உடம்பு முடியாமல் சாவுக்கு வர இயலாதவர், திருநெல்வேலியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாத்திரம் தேய்க்கும் அம்மாள் காபி கொண்டுவந்து வைத்தார், மூவருக்கும், டபரா கீழே.

"எப்படி ஆச்சு?" என்றார் சித்தப்பா. "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாளா?"

"இல்ல சித்தப்பா. விடிகாலையில. தூக்கத்துலயே."

"தெரிஞ்சிருக்காது?"

"தெரிஞ்சே இருக்காது."

"கொடுத்து வெச்சவ," என்று மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் எதிரே உட்கார்ந்திருந்தார். யூனிட் போடாததற்கு அரை மதிப்பெண் குறைத்தவர். என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சித்தப்பாவின் டம்ளரை எடுத்து, டபராவில் ஊற்றி, மறுபடி டம்ளரில் ஊற்றி, ஆற்றி, அவர் கையில் கொடுத்தார்.